தயாரீனெஸ் வெர்தெஸ்: லிமாக்காரங்களோட பச்சை பாஸ்தா

பெரு நாட்டு சாப்பாடுன்னு சொன்னாலே எல்லாரும் செவிச்சேல ஆரம்பிச்சு செவிச்சேலயே முடிச்சிடுறாங்க. எலுமிச்சை சாறுல ஊறின மீன், நல்லாத்தான் இருக்கும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா லிமாவுல ஒரு சாதாரண குடும்பத்து வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை மதியம் நாலஞ்சு தடவை சாப்பிடப் போனீங்கன்னா அதுல ஒரு தடவையாவது உங்க தட்டுல ஒரு பாஸ்தா வந்து விழும், பச்சைப் பசேல்னு, மேல மெல்லிசா தட்டி வறுத்த மாட்டுக்கறித் துண்டு, ஓரத்துல மஞ்சள் சாஸ் ஊத்தின உருளைக்கிழங்கு. அதுதான் தயாரீனெஸ் வெர்தெஸ். பச்சை நூடுல்ஸ்னு அர்த்தம்.

இதோட பூர்வீகம் இத்தாலியில லிகூரியா கடற்கரை, அதுலயும் ஜெனோவா, அதாவது பெஸ்டோ பொறந்த ஊரு. பேசில்ங்கிற வாசனை இலையை பருப்பு, சீஸ், எண்ணெயோட பச்சையா அரைக்கிற சாஸ்தான் பெஸ்டோ. அந்த பெஸ்டோதான் கப்பல் ஏறி தென்னமெரிக்காவை சுத்திக்கிட்டு பசிபிக் பக்கம் வந்து லிமாவுல இப்படி ஆகியிருக்கு. இதைப் பாத்துட்டு நிறைய பேரு "பெஸ்டோவுல கீரையைப் போட்டுட்டாங்க, பாலை ஊத்திட்டாங்க, கெடுத்துட்டாங்க"ன்னு பேசுறாங்க. கேக்கும்போதெல்லாம் எனக்கு சுருக்குன்னு இருக்கும். அதுல மாறின ஒவ்வொரு பொருளுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு, அந்த ஊரோட சமையல் முறைன்னு ஒண்ணு இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா இது குறைஞ்சுபோன பெஸ்டோ இல்ல, தன் காலுல நிக்கிற ஒரு தனி சாப்பாடுன்னு புரியும். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

வீட்டுக்காரருக்கு அங்க வேலை, அதனால சில வருஷம் லிமாவுல புவெப்லோ லிப்ரேங்கிற ஏரியாவுல இருந்தோம். கீழ் வீட்டுல ஓனரம்மா, மாடியில நாங்க. நான் அவங்களை செஞோரான்னு கூப்பிடுவேன், அவங்க என்னை இஹிதாம்பாங்க, மகளேன்னு கூப்பிடுறது. எங்களுக்கு மாட்டுக்கறி ஆகாதுன்னு தெரிஞ்சதுல இருந்து அவங்க வீட்டுல இது பண்ற அன்னைக்கெல்லாம் மேல ஒரு முட்டையைப் பொரிச்சு வச்சு எங்களுக்குக் கொடுத்து விடுவாங்க. அப்புறம் நானே கீழ இறங்கிப்போய் அவங்க பக்கத்துல நின்னு கத்துக்கிட்டேன்.

அவங்க பண்றதை அப்படியே சொல்றேன். மார்க்கெட்டுல இருந்து பேசில் ஒரு பெரிய கட்டு வரும், லிமா பேசில் இலை பெருசா தடியா இருக்கும், ஜெனோவாவுல பிராங்கிற இடத்துல வளர்ற பேரு பெற்ற சின்ன இலை கிடையாது. இலையை மட்டும் கிள்ளி எடுப்பாங்க, தண்டு ஒண்ணு சேர்ந்தாலும் கசக்கும்னு திரும்பத் திரும்பப் பாப்பாங்க. கூட பாலக் கீரை ஒரு சின்ன கட்டு. சட்டியில எண்ணெய் ஊத்தி பொடியா அரிஞ்ச வெங்காயம், பூண்டு போட்டு, செவக்க விடாம கண்ணாடி மாதிரி ஆனதும் முதல்ல கீரை, அது சுருண்ட உடனே பேசில், ஒரு கிளறு கிளறி அடுப்பை அணைச்சிடுவாங்க. சூட்டோடயே மிக்சி ஜாருக்குப் போயிடும். அது மேல கேசோ ஃப்ரெஸ்கோ, அதாவது உப்புப் போட்டு உறைய வச்ச வெள்ளை நிற பசும்பால் சீஸ், கையாலயே பிச்சுப் போடுவாங்க, அப்புறம் டின்னுல வர்ற கெட்டிப் பால், ஒரு கைப்பிடி பீக்கன் பருப்பு. அரைச்சு மூடியைத் திறக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்க, வதக்கின பூண்டும் பேசிலும் பாலும் ஒண்ணா சேர்ந்தது, மாடியில ஜன்னல் திறந்திருந்தா எங்க ஹால் வரைக்கும் வரும்.

"பேசில்தான் பேசணும் இஹிதா, கீரை சும்மா கலருக்கும் கெட்டிக்கும்தான்"னு சொல்லுவாங்க. கீரை ருசி முன்னாடி வந்துட்டா சாஸ் சரியா வந்துடுச்சுன்னு அவங்க ஒத்துக்க மாட்டாங்க, இன்னும் நாலு இலை பேசிலைக் கிள்ளிப் போட்டு திரும்ப ஒரு ஓட்டு ஓட்டுவாங்க. நூடுல்ஸ் வெந்த தண்ணி ஒரு கரண்டி ஊத்தி, சாஸ் நூடுல்ஸ்ல ஒட்டி நிக்கணும், தட்டுல குளம் கட்டக்கூடாது, அதான் பதம்.

இலையை ஏன் வதக்கணும், பெஸ்டோ பச்சையாத்தானே அரைக்கிறாங்கன்னு கேப்பீங்க. பேசில் இலையை நசுக்கினா காத்து பட்டு கருக்கும், இலையில இருக்கிற என்சைம்தான் காரணம். சூடு பட்டா அந்த என்சைம் செயலிழந்து போயிடும், பச்சை அப்படியே நிக்கும். ஜெனோவாவுல உரலுல கொஞ்சமா இடிச்சு உடனே சாப்பிடுவாங்க, மிச்சத்தை எண்ணெயால மூடி வைப்பாங்க, அது அவங்க வழி. லிமாவுல பத்துப் பன்னண்டு பேரு சாப்பிடுற ஒரு ஞாயித்துக்கிழமை சமையலுக்கு மொத்தமா அரைச்சு வச்சாலும் நிறம் போகாம இருக்கணும்னா வதக்கறதுதான் வழி.

சரி, இத்தாலிக்காரங்க எதுக்கு பெருவுக்குப் போனாங்க? பறவை எச்சத்துக்காக. கொச்சையா தெரியும் ஆனா உண்மை. பெருவோட கடற்கரைக்குப் பக்கத்துல சின்ச்சா தீவுகள்னு இருக்கு, மழையே பெய்யாத இடம்ங்கிறதால கடல்பறவைகளோட எச்சம் காலங்காலமா மலை மலையா சேர்ந்து கிடந்துச்சு. குவானோன்னு சொல்லுவாங்க. அது அருமையான உரம். 1840கள்ல இருந்து 1870கள் வரைக்கும் ஐரோப்பாவுக்கு கப்பல் கப்பலா போச்சு, பெரு அரசாங்கத்தோட கஜானாவே அதை நம்பித்தான் நின்னுச்சு. சரக்கு ஏத்தற, இறக்குற கப்பல்கள்ல ஜெனோவா பக்கத்து ஆளுங்க நிறைய. காயாவ் துறைமுகத்துல இறங்கினவங்க அங்கேயே தங்கிட்டாங்க, அப்புறம் அண்ணன் தம்பி, மச்சான், ஊர்க்காரன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக்கிட்டாங்க, அதுல ஜெனோவாவுக்குக் கிழக்கே கியாவரி பக்கத்து கடற்கரை ஊர்க்காரங்க ஏகப்பட்ட பேரு.

இத்தாலியை ஒண்ணாக்கப் போராடின கரிபால்டியே இந்த வழியில வந்திருக்கார்ங்கிறது எனக்கு லிமா போன பிறகுதான் தெரியும். 1851ல லிமாவுக்கு வந்தவருக்கு அங்க கடை வச்சு கப்பல் வச்சிருந்த தெனேக்ரிங்கிற லிகூரியா வியாபாரி "கார்மென்"ங்கிற கப்பலைக் கொடுத்தார், 1852 ஆரம்பத்துல குவானோ ஏத்திக்கிட்டு சீனாவுக்குக் கிளம்பினார். அதே காலத்துல, 1849ல இருந்து 1874 வரைக்கும், சீனாவுல இருந்து பெருவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டு கப்பல் வந்துட்டு இருந்துச்சு. கரும்புத் தோட்டத்துக்கும் அந்த குவானோ தீவுகளுக்கும் கொண்டு போன அவங்க பட்ட பாடு கொடுமையானது. அவங்களும் பின்னாடி இந்த நூடுல்ஸ் கதைக்குள்ள வருவாங்க.

அர்ஜென்டினாவுக்குப் போன மாதிரி லட்சக்கணக்குல இத்தாலிக்காரங்க பெருவுக்குப் போகல. போனது சில ஆயிரம் பேருதான். ஆனா அவங்க செஞ்ச தொழில்தான் விஷயம். தெருமுனை மளிகைக்கடை. லிமாவுலயும் காயாவுலயும் முக்குக்கு முக்கு இத்தாலிக்காரர் கடைதான், நூடுல்ஸ், அரிசி, எண்ணெய், சீஸ், ஒயின் எல்லாம் அங்கதான். அதைத் தாண்டி லிமாவைச் சுத்தி காய்கறித் தோட்டமும் போட்டாங்க. இன்னைக்கும் பெருவுல சுக்கினிக்கு இத்தாலிய பூசணின்னுதான் பேரு. ஊரு என்ன சாப்பிடணும்ங்கிறதைத் தீர்மானிக்கிற இடத்துல, அதாவது கடைக் கல்லாவுக்குப் பின்னாடி, அவங்க உக்காந்திருந்தாங்க, அதனால ஆளு கொஞ்சம்னாலும் சாப்பாடு பரவிடுச்சு.

வந்தவங்கள்ல முக்கால்வாசி கல்யாணம் ஆகாத ஆம்பளைங்க. லிமா பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டாங்க. என்னோட எண்ணம் என்னன்னா, பெஸ்டோ மாறினது அங்கதான். ஜெனோவாக்காரர் தன் அம்மா பண்ணினதை வாயால விவரிச்சிருப்பார், அடுப்புகிட்ட நின்னது ஏற்கனவே தனக்குன்னு ஒரு சமையல் தெரிஞ்ச லிமா பொம்பளை. பல வசதியான வீட்டுல சமைச்சது ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள், 1854லதான் அங்க அடிமைமுறை ஒழிஞ்சுச்சு, அவங்க கைப்பக்குவம் இல்லாம லிமா சாப்பாடுன்னு ஒண்ணே கிடையாது. அவங்க யாரோட பேரும் எழுதி வைக்கப்படல, எனக்கு அது ரொம்ப வருத்தம், இந்த சாஸைக் கண்டுபிடிச்சவங்க அவங்கதானே.

இப்போ ஒவ்வொரு பொருளா பாருங்க. பெஸ்டோவுல போடுற பைன் நட்ஸ் அங்க விளையாது, அதனால வால்நட்டோ பீக்கனோ, பீக்கன் இகா பக்கத்துல நல்லா விளையுது. ஆலிவ் மரம் ஸ்பானியர் காலத்துல இருந்தே லிமாவுல உண்டு, சான் இசிட்ரோவுல பழைய தோப்பு ஒண்ணு பார்க்காவே இருக்கு, ஆனா அன்றாட சமையலுக்கு வீட்டுல இருக்கறது விலை கம்மியான சாதா எண்ணெய். பார்மேசான், பெக்கொரினோ மாதிரி இத்தாலிய சீஸ் எல்லாம் கப்பல்ல வரணும், காசு ஜாஸ்தி. மலைப்பக்கத்துல இருந்து வர்ற கேசோ ஃப்ரெஸ்கோ எல்லா மார்க்கெட்டுலயும் கிடைக்கும். கெட்டிப் பால் பின்னாடி வந்தது, அரேகிபாவுல 1940கள்ல குளோரியா டின் பால் தொழிற்சாலை ஆரம்பிச்ச பிறகு அந்த டின் இல்லாத சமையல்கட்டே கிடையாதுன்னு ஆயிடுச்சு. குளிர்சாதனப் பெட்டி எல்லா வீட்டுலயும் இல்லாத காலம், டின் பால் கெடாது.

ஆனா "கிடைக்கல, அதனால மாத்திக்கிட்டாங்க"ங்கிறதோட நிறுத்திட்டா பாதிக் கதைதான். லிமாவோட மத்த சாப்பாட்டைப் பாருங்க. அந்த உருளைக்கிழங்கு மேல ஊத்தற மஞ்சள் சாஸ் இருக்கே, வாங்கயீனா, அது என்ன? மஞ்சள் மிளகாய், கேசோ ஃப்ரெஸ்கோ, டின் பால், எண்ணெய், கெட்டிக்கு பிஸ்கெட். ஆஹி தெ கயீனான்னு கோழி போட்டு ஒண்ணு பண்ணுவாங்க, அதுல மஞ்சள் மிளகாய், ரொட்டி, பால், சீஸ், பீக்கன். ஓகோபான்னு ஒண்ணு, அது வக்கத்தாய்ங்கிற மூலிகை, மிளகாய், கடலை, சீஸ், பால். எல்லாமே ஒரே அமைப்பு, வாசனைக்கு ஒண்ணு, கெட்டிக்கு பருப்போ ரொட்டியோ, உடம்புக்கு சீஸும் பாலும், வதக்கின வெங்காயம் பூண்டு, மொத்தத்தையும் மழமழன்னு அரைக்கணும், மிக்சி வர்றதுக்கு முன்னாடி பத்தான்ங்கிற பெரிய கல்லுல. ஜெனோவாவுல இருந்து வந்த பேசிலும் பருப்பும் சீஸும் சேர்ந்த ஒரு அரைப்பை லிமா பெண்கள் பாத்த உடனே அவங்களுக்கு இது என்ன ரகம்னு தெரிஞ்சிருக்கும். மிளகாய் இருந்த இடத்துல பேசில் வந்து உக்காந்துச்சு, மத்தது எல்லாம் அவங்களுக்கு ஏற்கனவே கை வந்த வேலை. அதனாலதான் பச்சையும் மஞ்சளும் ஒரே தட்டுல அவ்வளவு சேர்ந்து போகுது, ரெண்டும் ஒரே சமையல்கட்டுல ஒரே முறையில பொறந்தது.

ஜெனோவாவுலயே பெஸ்டோ ஒண்ணும் கல்லுல செதுக்கின விதி கிடையாது. 1863 வாக்குல ஜொவான்னி பத்திஸ்தா ராத்தோ அங்க வெளியிட்ட சமையல் புத்தகத்துல பெஸ்டோ செய்முறை இருக்கு, பேசில் இல்லன்னா மார்ஜோரமும் பார்ஸ்லியும் போட்டுக்கோங்கன்னு அவரே எழுதியிருக்கார், சீஸ்ல பார்மேசானோட டச்சு சீஸ். துறைமுக ஊரு, ஹாலந்துல இருந்து வந்த சீஸ் அங்க சாதாரணம். ஜெனோவா பக்கத்துல பிரெசின்சேவான்னு ஒரு புளிப்பான மெதுவான தயிர் மாதிரி சீஸ் இருக்கு, அதை பெஸ்டோவுல கலக்கறவங்க இன்னைக்கும் இருக்காங்க. அப்போ லிமாக்காரங்க சீஸும் பாலும் சேர்த்தது மட்டும் எப்படி துரோகம் ஆகும்? ஜெனோவாவுல பாஸ்தா வேகற அதே பானையில உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டு வேக வச்சு பெஸ்டோவுல சேர்த்துப் பிரட்டுவாங்க. லிமாவுல அந்த உருளைக்கிழங்கு பானையை விட்டு வெளிய வந்து தட்டு ஓரத்துல மஞ்சளா உக்காந்திருக்குன்னு நான் நினைச்சுப்பேன், அந்த உருளைக்கிழங்கோட சொந்த ஊரே ஆண்டீஸ் மலைதானே.

ஜெனோவாவோட இன்னொரு சாஸ் துக்கு, பெரிய கறித்துண்டை தக்காளியில மணிக்கணக்கா வேக வச்சு எடுக்கறது. அதுவும் வந்துச்சு, பெருவுல தூகோ ஆச்சு, தயாரீனெஸ் ரோஹோஸ், சிவப்பு நூடுல்ஸ். அந்த சாஸ்ல ஜெனோவாவுல காஞ்ச காளான் போடுவாங்க. லிமா மார்க்கெட்டுல இன்னைக்கும் காஞ்ச காளானும் பிரிஞ்சி இலையும் ஒண்ணா சேர்த்து குட்டிப் பாக்கெட்டுல கட்டி தொங்க விட்டிருப்பாங்க, சிவப்பு நூடுல்ஸுக்குன்னே. அதைக் கேட்டு வாங்குற யாருக்கும் ஜெனோவா ஞாபகத்துல கூட இருக்காது.

பேசில் போட்ட மினெஸ்த்ரோனும் அதே மாதிரிதான், மெனெஸ்த்ரோன்னு ஆகி மரவள்ளியும் சோளமும் மாட்டுக்கறியும் உள்ள போயி ஒரு தட்டு குடிச்சா சாயங்காலம் வரை பசிக்காத சூப்பா நிக்குது.

அப்புறம் சீனாக்காரங்க. தோட்டத்து ஒப்பந்தம் முடிஞ்சு லிமாவுக்கு வந்து சாப்பாட்டுக் கடை போட்டவங்க அதே இத்தாலிய நூடுல்ஸை எடுத்து வாணலியில சோயா சாஸ், வெங்காயம், தக்காளி, மஞ்சள் மிளகாயோட பெரிய தீயில பிரட்டினாங்க, தயாரீன் சால்த்தாதோ. ஆக ஒரு வீட்டு ஷெல்ஃப்ல இருக்கிற ஒரே ஸ்பாகெட்டி பாக்கெட் பச்சையாவும் ஆகும், சிவப்பாவும் ஆகும், சோயா கலர்லயும் ஆகும். மூணும் அங்க வீட்டு சாப்பாடு, யாரும் ஒண்ணை இத்தாலி, ஒண்ணை சீனான்னு பிரிச்சுப் பாக்கறதில்ல.

அந்த ஊரோட இந்த இத்தாலிக்காரங்க எவ்வளவு கலந்தாங்கன்னு சொல்ல ஒரு விஷயம் போதும். 1881 ஜனவரி 13, சிலி நாட்டோட சண்டை, லிமாவுக்குத் தெற்கே சொர்ரியோஸ் ஊரு பத்தி எரியுது. அங்க கரிபால்டி பேருல இத்தாலிக்காரங்க நடத்தின தன்னார்வ தீயணைப்புப் படை ஒண்ணு இருந்துச்சு. நெருப்பை அணைக்கப் போனவங்கள்ல 13 பேரை சிலி படை பிடிச்சு சுட்டுக் கொன்னுடுச்சு. அவங்க கடைக்காரங்க, தொழிலாளிங்க, வேற நாட்டு ஆளுங்கன்னு ஒதுங்கி நின்னிருக்கலாம். லிமாவுல அவங்களை இன்னைக்கும் மரியாதையோட நினைக்கிறாங்க. 1889ல இத்தாலிக்காரங்க ஆரம்பிச்ச பாங்கோ இத்தாலியானோதான் 1942ல பேரு மாறி இன்னைக்கு பெருவோட பெரிய வங்கியான பாங்கோ தெ கிரெதித்தோ. நாங்க இருந்த புவெப்லோ லிப்ரேலயே 1880ல இருந்து நடக்கிற கெய்ரோலோ மதுக்கடை இருக்கு, அதுவும் லிகூரியா குடும்பம்தான்.

நம்ம ஊருல பண்றதுக்கு வருவோம். அரை கிலோ ஸ்பாகெட்டிக்கு பேசில் இலை மட்டும் நூறு கிராம், பாலக் கீரை நூத்தம்பது கிராமுக்கு மேல வேண்டாம். இப்போ சூப்பர்மார்க்கெட்டுல இத்தாலியன் பேசில் கிடைக்குது. துளசி போட்டுடாதீங்க, அது வேற. சப்ஜா விதை வர்ற திருநீற்றுப்பச்சிலை இதே இனம்தான், வீட்டுல இருந்தா தைரியமா போடலாம், ஆனா வாசனை தூக்கலா இருக்கும், அதனால இலையைக் குறைச்சுக்கோங்க. கேசோ ஃப்ரெஸ்கோவுக்கு பதிலா எரநூறு கிராம் பன்னீர், கூட உப்பு கொஞ்சம் தாராளமா, ஏன்னா அந்த சீஸ்ல இருக்கிற உப்பு பன்னீர்ல இல்ல. டின் பால் இல்லன்னா அரை லிட்டர் பாலை எரநூறு மில்லியா சுண்டக் காய்ச்சிக்கோங்க, சர்க்கரை போட்ட மில்க்மெய்டு கூடவே கூடாது. பீக்கன் கிடைக்காது, அம்பது கிராம் வால்நட் போடுங்க. முந்திரி வேண்டாம்னு நான் சொல்லுவேன், இனிப்பு தட்டி பேசிலை அமுக்கிடும். ஒரு பெரிய வெங்காயம், மூணு பல் பூண்டு, கால் கப் எண்ணெய். சைவக்காரங்க முட்டையையும் விட்டுட்டு அந்த வாங்கயீனா உருளைக்கிழங்கோட மட்டும் சாப்பிடலாம், எதுவும் குறைஞ்ச மாதிரி இருக்காது. லிமாவுல சைவமா சாப்பிடறது அவ்வளவு சுலபம் இல்ல, கறி இல்லாம கொடுங்கன்னு சொல்லி வாங்கி நிம்மதியா வயிறு நிறைய சாப்பிட முடிஞ்ச சாப்பாட்டுல எனக்கு இதுதான் முதல்.

இந்த பேசிலும் நூடுல்ஸும் லிமாவோட நிக்கல, அதையும் சொல்லிடறேன். தெற்கே இருநூறு கிலோமீட்டர்ல சின்ச்சா, ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் நிறைய வாழ்ற ஊரு, பழைய பருத்தி, கரும்புத் தோட்டப் பூமி. அங்க சோப்பா செக்கான்னு ஒண்ணு பண்றாங்க. பேசிலையும் பார்ஸ்லியையும் அரைச்சு, அச்சியோத்தே விதைல செவந்த எண்ணெயில வதக்கி, கோழி வேக வச்ச தண்ணியை ஊத்தி, நூடுல்ஸை அதுலயே போட்டு தண்ணி மொத்தமும் இழுக்கற வரைக்கும் வேக விடுவாங்க, வடிக்கறதே இல்ல. பச்சையா இருக்காது, ஆரஞ்சு கலர்ல இருக்கும், ஆனா வாயில வச்சா பேசில் முன்னாடி வந்து நிக்கும். கூட காராபுல்க்ரா, அதாவது உருளைக்கிழங்கை பன்னிக்கறியும் கடலையும் மிளகாயும் போட்டு சமைச்சது. ரெண்டும் ஒரே தட்டுல பாதிப் பாதி. அந்தக் காலத்துல இது கல்யாண சாப்பாடு, பெரிய பெரிய சட்டியில விறகடுப்புல பண்ணுவாங்க, இப்பவும் விசேஷம்னா அதான். செஞோராவோட மருமகள் அந்த ஊரு. மாமியார் பச்சை நூடுல்ஸ் பண்ணும்போது அவ பக்கத்துல நின்னு "நீங்க நூடுல்ஸ் தண்ணியை வீணா கொட்டுறீங்க அத்தை"ம்பா, செஞோரா காது கேக்காத மாதிரி மிக்சியை ஓட விடுவாங்க. எனக்கு ரெண்டும் பிடிக்கும், ஆனா பால் இல்லாம சீஸ் இல்லாம வெறும் பேசிலும் குழம்புத் தண்ணியும் நூடுல்ஸுக்குள்ள இறங்கின அந்த சின்ச்சா ருசியை லிமாவுல எந்த ஹோட்டல்லயும் நான் சாப்பிட்டதில்ல, அதுக்கு சின்ச்சாவுக்கே பஸ் ஏறணும்.